பன்னிரண்டாம் எண்ணுக்குக் குறுக்கே ஒரு கோடு

இந்தியப் பெண்கள் அணியின் பட்டியல் பூங்கோதையின் கைக்கு வந்தபோது மணி இரண்டு ஐம்பத்தாறு. நான்கு மணிக்கு டெல்லி நேஷனல் ஸ்டேடியத்தில் சீனாவுடன் ஹாக்கி இறுதி ஆட்டம். மைதானத்தின் ஓரத்தில், இரண்டு அணிகளின் பெஞ்சுகளுக்கும் நடுவே, நீல விரிப்புப் போட்ட மேஜை ஒன்று இருந்தது. நேரம் பார்ப்பதும், கோல் எழுதுவதும், யார் உள்ளே போகலாம் யார் கூடாது என்று சொல்வதும் அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவர்களின் வேலை. மேஜை நடுவர் என்று பெயர். பூங்கோதை பதினேழு வருடங்களாக மேஜை நடுவர்.

அணியில் இருபது பெண்கள். ஆட்டத்தன்று பதினெட்டுப் பேருக்குத்தான் இடம். அச்சடித்த இருபது பெயர்களில் இரண்டின் குறுக்கே பேனாவால் கோடு போட்டுக் கையெழுத்திட்டு, ஒரு மணி நேரம் முன்னதாக அணியின் மேனேஜர் கொடுத்தனுப்ப வேண்டும். கோடு விழுந்தவள் அன்றைக்கு ஆட முடியாது. பெஞ்சில் உட்காரவும் முடியாது.

முதல் கோடு ஏழாம் எண்ணின் மேல் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். இரண்டாவது கோடு பன்னிரண்டாம் எண்ணின் மேல் இருந்தது.

பூங்கோதை கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பன்னிரண்டு, அஞ்சலா டோப்போ, கோல்கீப்பர். அதற்கு மேல்வரியில் பதினொன்று. முந்தாநாள் கணுக்கால் பிசகி, இன்று பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாளே, அந்தப் பெண். கோடு அவளுக்குப் போட நினைத்தது. ஒரு வரி தள்ளி விழுந்திருந்தது. ஓடும் பஸ்ஸில் முழங்கால்மேல் காகிதத்தை வைத்து, காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு போட்ட கோடு. அது நெளிந்து கிடந்த விதத்திலேயே தெரிந்தது.

கீழே கையெழுத்து மட்டும் பெரிதாக, அழகாக இருந்தது. வீணா பஹல், மேனேஜர்.

டெல்லியில் ஹாக்கி ஆடும் அத்தனை அணிகளின் மேனேஜர்களுக்கும் பூங்கோதையின் பழக்கம் ஒன்று தெரியும். பட்டியலை வாங்கியதும் அவள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பாள். தப்பு இருந்தால் தானே எழுந்துபோய், "மேடம், ஏக் பார் அவுர் தேக் லீஜியே" என்று காகிதத்தைத் திருப்பி நீட்டுவாள். இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள் என்று அர்த்தம். என்ன தப்பு என்று சொல்லமாட்டாள். மற்றவர்கள் எதிரில் யாரையும் தலைகுனிய வைக்கக்கூடாது என்பது அவள் எண்ணம். இது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. வந்த காகிதத்தை வாங்கி வைப்பதோடு மேஜை நடுவரின் கடமை முடிந்தது. ஆனாலும் பதினேழு வருடங்களாக அவள் இதைச் செய்துவந்தாள். அதனாலேயே மேனேஜர்கள் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடப் பழகிவிட்டார்கள். பூங்கோ பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிடுவார்கள்.

அணிகள் தேசிய கீதத்துக்காக மைதானத்துக்குள் நடக்கும்வரை பட்டியலைத் திருத்தலாம். அதற்கு இன்னும் ஐம்பத்தொன்பது நிமிடங்கள் இருந்தன.

பூங்கோதை எழுந்திருக்கவில்லை. காகிதத்தை அட்டையில் செருகிக் கவிழ்த்து வைத்தாள். அவள் நெஞ்சுக்குள் இருபத்துநான்கு வருடமாகப் படுத்துக்கிடந்த ஒன்று மெல்லத் தலையைத் தூக்கியது.

பூங்கோதை டெல்லியில் பிறந்தவள். ஜங்புரா பக்கம் சாக்கடைக் கால்வாயை ஒட்டி இருந்த தமிழர் குடிசைகளில் ஒன்றுதான் அவள் வீடு. விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த அப்பா மூக்கன் கட்டட வேலையில் கல் சுமந்தார். அம்மா சாந்தகுமாரி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் நாலு வீட்டுக்குப் பாத்திரம் தேய்த்தாள். அரசுப் பள்ளியில் ஹாக்கி அணி சேர்த்தபோது கோலுக்கு முன்னால் நிற்க ஒரு பெண்ணும் முன்வரவில்லை. பந்து கல் மாதிரி வரும். கால்களில் கட்டிக்கொள்ளும் பட்டை அத்தனை பேரின் பழைய வியர்வையும் ஊறி நாறும். கடைசி வரிசையில் நின்ற மதராஸிப் பெண்ணின் காலில் அதைக் கட்டிவிட்டார்கள். அவள் கண்ணை மூடாமல் நின்றாள். அவ்வளவுதான், பிறகு யாரும் அவளை அங்கிருந்து நகர்த்தவில்லை.

இருபது வயதில் இந்திய அணிக்கான பயிற்சி முகாமுக்கு வந்தாள். கோல்கீப்பர்கள் மூன்று பேரில் ஒருத்தி பூங்கோதை, ஒருத்தி லஜ்பத் நகர் வீணா பஹல். முகாமில் இருவருக்கும் ஒரே அறை. வீணா வீட்டிலிருந்து வரும் ராஜ்மாவில் பாதி பூங்கோதைக்கு. பூங்கோதையின் அம்மா இடித்துத்தரும் பருப்புப்பொடியில் பாதி வீணாவுக்கு. ஒரே தலையணையில் தலைவைத்து, சீனாவுக்குப் போனால் அங்கே என்ன வாங்கலாம் என்று பேசிக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள்.

சீனப் பயணத்துக்கான கடைசித் தேர்வு ஒரு சனிக்கிழமை என்று அறிவித்து, நாலு நாள் விடுமுறையில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். நடுவில் அதை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினார்கள். குடிசையில் போன் கிடையாது. "நீ போற வழிதானே, பூங்கோவிடம் சொல்லிவிடு" என்று முகாம் அதிகாரி வீணாவிடம் சொன்னார். லஜ்பத் நகரிலிருந்து அந்தக் குடிசை நடந்துபோகிற தூரம்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பூங்கோதை மூட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். கூடவே அப்பாவும் போனார். மகளை இந்தியாவுக்கு எடுக்கிற நாளில் கல் சுமக்கமாட்டேன் என்று அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். மைதானத்தில் ஒருவன் குழாய் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். "வோ தோ கல் ஹோ கயா" என்றான். அது நேற்றே முடிந்துவிட்டதாம்.

ஒரு வாரம் கழித்து அவள் வீணாவைப் பிடித்துக் கேட்டாள். வீணா நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "அரே, பூல் கயீ யார்." மறந்துட்டேன்டி.

வீணா சீனாவுக்குப் போனாள். அறுபத்துமூன்று சர்வதேச ஆட்டங்கள் ஆடினாள். நல்ல வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது, கடைசியில் அணியின் மேனேஜர் பதவியும் வந்தது. பூங்கோதைக்கு அடுத்த முகாமுக்கு அழைப்பே வரவில்லை. தேர்வுக்கே வராத திமிர் பிடித்தவள் என்று அவள் பெயருக்கு எதிரே யாரோ எழுதிவைத்திருந்தார்கள். மூக்கன் அதற்கப்புறம் அந்த ஸ்டேடியம் இருக்கும் சாலை வழியாகப் போகவில்லை. வேலைக்குப் போகவும் சுற்றிக்கொண்டுதான் போவார். மூன்று வருடத்தில் போய்ச் சேர்ந்தார். சாகிறவரை ஒரே கேள்விதான் கேட்டார், "நாம ஏம்மா சனிக்கிழமை போனோம்?"

பிறகு கல்யாணம், ஒரு தனியார் பள்ளியில் ஒப்பந்தத்துக்கு விளையாட்டு ஆசிரியை வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் மேஜை நடுவர். விதிப்புத்தகத்தை அவள் பாராயணம் செய்தாள். இனி தனக்கு யாரும் வந்து எதையும் சொல்ல வேண்டியதில்லை, எல்லாமே தனக்கு முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும் என்ற வைராக்கியம்.

அன்று காலை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த புருஷன் ஜம்பு, சட்டைப் பொத்தானைப் போட்டபடி கேட்டான். அங்கே தமிழ்நாட்டு மளிகை விற்கும் கடை ஒன்றில் அவன் கல்லாவுக்கு அடுத்த ஆள்.

"ஒன் சிநேகிதி இன்னைக்கு வர்றாளாமே. டிவியில காட்டுறான்."

"வரட்டும்."

"ரெண்டு அப்பளக் கட்டு கொண்டாரட்டா, குடுக்குறியா?"

"ஜம்பு, வாயை மூடிக்கிட்டுக் கெளம்பு. ஜல்தி."

"இருவத்தி நாலு வருசமா ஒரே பேர மென்னுக்கிட்டுக் கெடக்க. துப்பிடேன்."

"துப்புற எடம் வரணும்ல" என்றாள் பூங்கோதை.

அது இவ்வளவு சீக்கிரம் வரும் என்று அவளே நினைக்கவில்லை.

மேஜையில் அவள் பக்கத்தில் ரவிக்குமார் வந்து உட்கார்ந்தான். குர்கானில் கம்ப்யூட்டர் வேலை, விடுமுறை நாளில் நடுவர். டெல்லியிலேயே வளர்ந்தவன். தமிழில் பேசத் தெரியும், எழுத்துக் கூட்டத் தெரியாது.

"அக்கா, இண்டியா லிஸ்ட் வந்துடுச்சா? ஒரே கோல்கீப்பர்தான் போட்டிருக்காங்கன்னு சார் சொன்னார்."

சார் என்றது மேஜைக்குத் தலைவரான மலேசிய அதிகாரியை. பட்டியலின் ஒரு பிரதி அவருக்கும் போயிருந்தது. ஒரே கோல்கீப்பரோடு வரும் அணிகளும் உண்டு. அதனால் அவர் அதற்குமேல் யோசிக்கவில்லை.

"நீங்க பாத்தீங்கல்ல? எல்லாம் ஓகேதானே?"

பூங்கோதை அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், "எல்லாம் சரியா இருக்கு."

பதினேழு வருடத்தில் அந்த மேஜையில் உட்கார்ந்து அவள் சொன்ன முதல் பொய் அது. சொன்னபோது நாக்கு தடுமாறவில்லை. உடம்பு முழுக்க ஒரு சூடு பரவியது. பந்துக்கு முன்னால் கண் மூடாமல் நின்றாளே, அந்தச் சூடு.

மூன்று இருபதுக்கு வீணா மேஜைக்கே வந்தாள். கறுப்புக் கண்ணாடி, இந்தியா என்று நெஞ்சில் எழுதிய கோட்டு. பின்னால் இரண்டு பேர் கோப்புகளைச் சுமந்து வந்தார்கள்.

"அரே, பூங்கோ. நீ இன்னும் இங்கேயேதான் இருக்கியா?"

"இங்கேதான் இருக்கேன் மேடம்."

"நல்லது, நல்லது. பழைய ஆட்களைப் பார்த்தா தைரியமா இருக்கு." வீணா கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். "இங்கே சாய் கிடைக்குமா? உங்க ஆளுங்க யாரையாவது அனுப்பேன். சர்க்கரை கம்மியா."

ரவிக்குமார் எழப்போனான். பூங்கோதை அவன் கையைத் தொட்டு உட்காரவைத்துவிட்டுத் தானே போனாள். ஃப்ளாஸ்கிலிருந்து பேப்பர் கோப்பையில் டீயை ஊற்றிக் கொண்டுவந்தாள். சர்க்கரை கம்மியாகவே போட்டிருந்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள். அந்த நேரம் அவள் வாய்க்குள் அந்த ஒரு வாக்கியம் வந்து நின்றது. ஏக் பார் அவுர். பதினேழு வருடப் பழக்கம் அல்லவா, அது தானாகவே வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளினாள்.

"இந்தத் தடவை அவங்களை விடமாட்டேன்" என்று வீணா சீன அணி இருந்த பக்கம் தாடையை ஆட்டினாள். "போன தடவை ஷூட்-அவுட்ல நம்ம மானத்தை வாங்கினாங்க. அதுக்குன்னே ஒருத்தியை வளர்த்து வச்சிருக்கேன். பார்த்துக்கிட்டே இரு."

ஆட்டம் சமமாக முடிந்தால் வருவது ஷூட்-அவுட். அணிக்கு ஐந்து பேர், ஒவ்வொருவராக வந்து, எட்டு வினாடிக்குள் கோல்கீப்பரை ஏமாற்றிப் பந்தை உள்ளே தள்ள வேண்டும். ஒரே ஆள் எதிரே ஒரே ஆள். அதற்கென்றே வீணா வளர்த்துவைத்திருந்தவள்தான் பன்னிரண்டாம் எண் அஞ்சலா டோப்போ.

"பார்க்கத்தானே உட்கார்ந்திருக்கேன் மேடம்" என்றாள் பூங்கோதை.

வீணா காலிக் கோப்பையை மேஜைமேலேயே வைத்துவிட்டுப் போனாள். பட்டியலின் நகல் ஒன்று ஏற்கெனவே அவளுடைய கோப்புக்குள் இருந்தது. அதை அவள் திறக்கவில்லை.

மூன்று நாற்பதுக்கு அஞ்சலாவே வந்தாள். பத்தொன்பது வயது. முழங்காலுக்கு மேல் வரும் மஞ்சள் பட்டைகளைக் கட்டிக்கொண்டு வாத்து மாதிரி நடந்து வந்தாள். ஜார்க்கண்டில் சிம்டேகா பக்கத்துப் பெண். ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஆன்ட்டி, வீட்டு ஆளுங்க எந்தப் பக்கம் உட்காருவாங்க?"

"யார் வந்திருக்காங்க?"

"பாபா. இதுவரைக்கும் நான் ஆடி அவர் பார்த்ததில்லை. நான் இன்னும் இந்தியாவுக்கு ஆடினதே இல்லையே, எங்கே பார்க்கிறது? இன்னைக்கு ஷூட்-அவுட் வந்தா நீதான்னு மேடம் முந்தாநாள் சொன்னதும் நான் போன் பண்ணேன். ரிசர்வேஷன் இல்லாம நின்னுக்கிட்டே வந்திருக்கார்." அவள் சிரித்தாள். "புதுச் சட்டை வேற. லேபிளைப் பிய்க்கவே இல்லை."

பாபா என்றால் அப்பா. இஸ்திரி போட்ட ஒரு சட்டை பூங்கோதையின் கண்முன் வந்துபோனது. கவிழ்த்துவைத்த அட்டையின்மேல் அவள் கை போனது. சொல்லிவிடலாம். அரை நிமிடத்து வேலை. இந்தப் பெண்ணிடமே சொல்லலாம், ஓடிப்போய் உன் மேடத்தைக் கூட்டிவா என்று.

அப்போது இந்தியாவின் பெஞ்சுப் பக்கத்திலிருந்து வீணாவின் குரல் கேட்டது. கேமராக்காரர்களுக்கு நடுவில் நின்று பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தாள். "எங்க காலத்துல போட்டியே வேற. நேரத்துக்கு வராதவங்க, ஒழுங்கு இல்லாதவங்க எல்லாம் தானா உதிர்ந்துபோனாங்க. உழைச்சவங்க நின்னோம்."

பூங்கோதையின் கை அட்டைமேலிருந்து விலகியது.

"கேட் நாலு பக்கம்மா" என்றாள் அஞ்சலாவிடம். "வெயில் படாத பக்கம். போ."

மூன்று ஐம்பத்தைந்துக்கு இரு அணிகளும் வரிசையாக நடந்து உள்ளே போயின. இனி ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது. கீதம் முடிந்தது. அதுவரை பூங்கோதை அசையாமல் நின்றாள். பிறகு பட்டியலை எடுத்துக்கொண்டு இந்தியாவின் பெஞ்சை நோக்கி நடந்தாள். இருபத்துநான்கு வருடம் இந்த இருபதடி தூரத்தைத்தான் அவள் நடந்துகொண்டிருந்தாள்.

"மேடம், பன்னிரண்டாம் நம்பர் பட்டியலில் இல்லை. பெஞ்சில் உட்காரக்கூடாது."

வீணா சிரித்தாள். வேடிக்கை என்று நினைத்தாள். பூங்கோதை காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். கோடும் அதன் கீழே கையெழுத்தும். வீணாவின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதைப் பூங்கோதை ஒரு சொட்டு விடாமல் பார்த்தாள்.

"இது... இது பதினொன்றுக்குப் போட்டது. உனக்கே தெரியும். பார்த்தாலே தெரியும்."

"தெரிஞ்சது மேடம்."

"எல்லாருக்கும் சொல்வியே. இன்னொரு தடவை பாருங்கன்னு எல்லாருக்கும் சொல்வியே. எனக்கு ஏன் சொல்லலை?"

பூங்கோதை தன் நகத்தைப் பார்த்துக்கொண்டாள். பிறகு நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வைத்துச் சொன்னாள்.

"பூல் கயீ, யார்."

வீணாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உடனே மலேசிய அதிகாரியிடம் ஓடினாள். கையைப் பிசைந்தாள், கெஞ்சினாள், பதினொன்றாம் எண்ணின் கட்டுப்போட்ட காலைக் காட்டினாள். அவர் கையெழுத்தைக் காட்டி முடியாதென்று தலையை ஆட்டிவிட்டார். கோச் வீணாவைப் பார்த்த பார்வை மட்டும் போதும், பூங்கோதைக்கு ஒரு ஜென்மத்துக்கு. ரவிக்குமார் அவளை ஒருமாதிரி பார்த்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டான். அதையும் அவள் பொருட்படுத்தவில்லை. அப்பாவின் பெயரை மனதுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டாள்.

அஞ்சலா பெஞ்சிலிருந்து எழுந்தாள். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, பட்டைகள் உரச, படிக்கட்டில் ஏறிப் பார்வையாளர் பக்கம் போனாள்.

ஆட்டம் தொடங்கியது. ஸ்டேடியம் முழுக்க ஒரே கூச்சல். சென்ற தடவைத் தோல்விக்குப் பழி வாங்க வேண்டும் என்று அட்டைகளில் எழுதி உயர்த்திப் பிடித்திருந்தார்கள். இரண்டாம் பகுதியில் சீனா ஒரு கோல் போட்டது. கடைசிப் பகுதியில் இந்தியா ஒன்று போட்டது. பூங்கோதை நேரத்தைக் குறித்தாள், கோலைக் குறித்தாள். அவள் கண் மட்டும் வீணாவையே சுற்றியது. வீணா உட்காரவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு பெஞ்சின் முன்னால் நடந்துகொண்டே இருந்தாள். ஒவ்வொரு நிமிடமும் பூங்கோதைக்குத் தேனாக இனித்தது.

ஒன்றுக்கு ஒன்று. ஷூட்-அவுட் என்று அறிவித்தார்கள்.

பூங்கோதை தன் வாழ்நாளில் முதல்முறையாக இந்தியா தோற்க வேண்டும் என்று விரும்பினாள். தேசத்துரோகம் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். இந்த மைதானத்தில் தேசம் என்றைக்கு என்னைத் தேடி வந்தது என்று அவள் மனம் கேட்டது. நாளைக் காலைப் பேப்பரில் வீணா பஹல் போட்ட கோட்டைப் படம் பிடித்துப் போட வேண்டும். லஜ்பத் நகரில் அவள் தெரு மாறி நடக்க வேண்டும்.

இந்தியாவின் முதல் கோல்கீப்பரே நின்றாள். முப்பத்திரண்டு வயது, ஷூட்-அவுட்டில் ராசியில்லாதவள் என்று பெயரெடுத்தவள். முதல் இரண்டையும் விட்டாள். மூன்றாவதைக் காலால் தடுத்தாள். நான்காவது வெளியே போனது. ஐந்தாவதுக்கு சீனாவின் கேப்டன் வந்தாள். பந்தை இடம் தள்ளி, வலம் தள்ளி, தூக்கி அடித்தாள். கோல்கீப்பர் முழு உடம்பையும் எறிந்து விழுந்தாள். பந்து அவள் தோளில் பட்டுத் தெறித்தது.

மூன்றுக்கு இரண்டு. இந்தியா வென்றுவிட்டது.

ஸ்டேடியமே எழுந்து நின்றது. சீனப் பெண்கள் அங்கங்கே தரையில் உட்கார்ந்து அழுதார்கள். இந்தியப் பெண்கள் ஓடிப்போய் வீணாவைத் தூக்கினார்கள். பத்து கைகள்மேல் அவள் மிதந்தாள். யாரோ மாலை போட்டார்கள். ஒரே கோல்கீப்பரோடு இறங்கிய துணிச்சலைப் பற்றி ஒருவன் மைக்கை நீட்டிக் கேட்டான். "சில நேரம் நம்பிக்கை வைக்கணும்" என்று வீணா மூச்சுவாங்கச் சிரித்தாள். அது திட்டமிட்டுச் செய்ததாகவே ஆகிவிட்டது.

பூங்கோதை பேனாவை மூடினாள். மூடி இரண்டு தடவை வழுக்கியது.

சற்று நேரத்தில் வீணா மாலையோடு மேஜைக்கு வந்தாள். எல்லோரும் பார்க்கப் பூங்கோதையைக் கட்டிக்கொண்டாள். சாமந்தியும் வியர்வையும் கலந்த வாசனை. காதுக்குள் மெதுவாகப் பேசினாள்.

"புகார் எழுதமாட்டேன். அன்னைக்கு நான் பண்ணினது தப்புதான், எனக்கும் தெரியும். பயந்துட்டேன், நீ என்னைவிட நல்லா ஆடினே. இன்னைக்கு நீ பண்ணிட்டே. சரியாப்போச்சு. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, பார்த்தியா?"

முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

இருபத்துநான்கு வருடமாகக் கேட்க ஏங்கிய சொல். நீ என்னைவிட நல்லா ஆடினே. அது இப்படியா வர வேண்டும், வெற்றி மாலைக்குள்ளிருந்து, பிச்சை போடுவதுபோல? ஓங்கிய கை ஓங்கியபடியே இருக்க, அடி வாங்க வேண்டியவள் சிரித்துக்கொண்டு போகிறாள். அப்படியானால் அந்த அடி எங்கே போய் விழுந்தது?

அது எங்கே விழுந்தது என்று பூங்கோதைக்குத் தெரியும்.

அவள் கேட் நான்கின் கீழே இருக்கும் குழாயடிக்குப் போனாள். அஞ்சலா தரையில் உட்கார்ந்து பட்டையின் வார்களை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார் சிக்கிக்கொண்டிருந்தது. பல்லால் இழுத்தாள். பக்கத்தில் ஒல்லியாக ஒரு மனிதர், மடிப்புக் கலையாத சட்டையில், மகளின் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டையோடு ஒருத்தி வருவதைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து கைகூப்பினார்.

"மேடம், என் பொண்ணு என்ன தப்பு பண்ணினா? கேட்டா சொல்லமாட்டேங்கிறா. ஏதாவது தப்பு பண்ணியிருந்தா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். அடுத்த தடவை அவளைச் சேர்த்துக்குங்க."

பூங்கோதை சுவரைப் பிடித்துக்கொண்டாள். இந்தக் குரலை அவள் கேட்டிருக்கிறாள். ஊர் வேறு, பாஷை வேறு, ஆனால் இதே குரல்தான்.

"அவ தப்பு பண்ணலை ஐயா" என்றாள். பிறகு அஞ்சலாவின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "நான் பண்ணினேன்."

அஞ்சலா நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் பேர்மேல கோடு தப்பா விழுந்திருந்தது. நான் மூணு மணிக்கே பார்த்துட்டேன். நீ என்கிட்ட வந்து பேசினப்பவும் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ இன்னைக்கு ஆடியிருப்பே. சொல்லலை."

"மறந்துட்டீங்களா?"

அந்தப் பெண் தன்னையறியாமல் ஒரு வழியைத் திறந்துவிட்டாள். ஆம் என்று சொன்னால் போதும். வீணாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

"இல்லை. மறக்கலை. வேணும்னேதான் சொல்லலை. எனக்கு உன் மேடம்மேல பழைய பகை. அதுல உன்னைப் போட்டு மிதிச்சுட்டேன்."

தகப்பனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மேலே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. அஞ்சலா வாரை விட்டுவிட்டு எழுந்து நின்றாள். அவள் அழவில்லை. அழுவாள், திட்டுவாள், ஒரு அறை அறைந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் பூங்கோதை வந்திருந்தாள். அந்தக் கண்களில் தண்ணீர் இல்லை. வேறு ஏதோ கெட்டியாகிக்கொண்டிருந்தது. பூங்கோதைக்கு அது நன்றாகவே அடையாளம் தெரிந்தது.

"உங்க பேர் என்ன?" என்று கேட்டாள் அஞ்சலா.

"பூங்கோதை."

"பூங்... கோ..."

தமிழ்ப் பெயர் அவள் நாக்கில் நிற்கவில்லை. அவள் குனிந்து, பூங்கோதையின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். இழுத்த வேகத்தில் நாடா கழுத்தை அறுத்தது. அட்டையில் இருந்த எழுத்துகளை உதடு அசையப் படித்தாள். சரியாக வரவில்லை. மறுபடியும் படித்தாள்.

பூங்கோதை கழுத்தை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சரியாகப் பிடிபடும்வரை, நிறுத்தி நிறுத்தி, தன் பெயரைச் சொல்லிக்கொடுத்தாள்.